ஒரே ஆளுக்கு ரெண்டு கணக்கு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளை எடுத்து அடுக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே முச்சந்தியில் வந்து நிற்கின்றன. "டேட்டாபேஸில் அந்த ரெக்கார்டு இருந்தால் எடு, இல்லையென்றால் புதிதாகப் போடு" என்று எழுதுகிற அந்த ஒற்றை வரிதான் விஷயம். ஆளுக்கொரு மொழி, ஆளுக்கொரு கடை, சிக்கல் மட்டும் ஒன்று. முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் பதிலிலும் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

கேள்வி: அண்ணே, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எங்கள் மாமா கமிஷன் கடை வைத்திருக்கிறார். அவருக்காக ஜாங்கோ என்ற பைத்தான் ஃபிரேம்வொர்க்கில் ஒரு வெப் ஆப் எழுதினேன். விவசாயி பூ கொண்டுவந்ததும் போன் நம்பரையும் பெயரையும் அடித்தால் கெட்_ஆர்_கிரியேட் அவர் கணக்கை எடுத்துத் தரும், புது ஆளென்றால் கணக்குத் திறந்துவிடும், அதன்மேல் எடை ஏறும். பத்து நாள் ஒழுங்காக ஓடியது. ஆவணி முகூர்த்தம் வந்து கூட்டம் கூடியதும் ஒரே ஆளுக்கு ரெண்டு கணக்கு, சிலருக்கு மூன்று. அட்வான்ஸ் ஒன்றில் நிற்கிறது, பூ வரவு இன்னொன்றில் நிற்கிறது. அவர்களில் சிலர் விவரத்தை மறுபடி அடித்தால் மல்டிபிள்ஆப்ஜெக்ட்ஸ்ரிட்டர்ன்டு என்று எரர் வேறு. என் லேப்டாப்பில் எத்தனை தடவை ஓட்டினாலும் இது வரமாட்டேன் என்கிறது. மாமா திரும்ப நோட்டுக்கே போய்விட்டார். (ஒத்தக்கடை வாசகர்)

பதில்: தம்பி, மாமா நோட்டுக்குப் போனதில் ஒரு நியாயம் இருக்கிறது. நோட்டில் இந்தத் தொல்லை ஏன் வரவில்லை? பேரேடு ஒன்று, அதை எழுதுகிற கணக்குப்பிள்ளை ஒருவர். புது ஆள் வந்தால் அவர் பக்கத்தைப் புரட்டித் தேடுவார், இல்லையென்றால் புதுப் பக்கம் போடுவார், அவர் தேடி முடித்து எழுதி முடிக்கும்வரை வேறு யாரும் அந்தப் பேரேட்டைத் தொட முடியாது. உங்கள் ஆப்பில் அப்படியில்லை. விடிகாலை நாலு மணிக்கு ஒரு விவசாயி ரெண்டு மூட்டை மல்லி கொண்டுவருகிறார், ஒன்று இந்தத் தராசில் ஏறுகிறது, ஒன்று அந்தத் தராசில், ரெண்டு பையன்கள் ரெண்டு போனில் ஒரே நம்பரை அடிக்கிறார்கள். முதல் போன் கேட்கிறது: இந்த நம்பர் இருக்கிறதா? இல்லை. இரண்டாவது போன் அதே கணத்தில் கேட்கிறது: இருக்கிறதா? இன்னும் இல்லை. ரெண்டுமே உண்மையான பதில்தான். ரெண்டும் போய் ஆளுக்கொரு கணக்குத் திறக்கின்றன. ரெண்டு பையன்கள்கூட வேண்டாம், கூட்டத்தில் நெட்வொர்க் இழுக்கும்போது ஒரே பையன் பட்டனை ரெண்டு தடவை அமுக்கினாலே போதும். லேப்டாப்பில் நீங்கள் ஒருவர் மட்டும் நிதானமாக அமுக்குகிறீர்கள், எப்படி வரும்?

பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. கெட்_ஆர்_கிரியேட் என்று ஒரே மூச்சில் சொல்வதால் அது ஒரே வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே அது மூன்று படி. முதலில் தேடும். கிடைக்காவிட்டால் உருவாக்கப் பார்க்கும். அங்கே டேட்டாபேஸ் "இதே நம்பரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, போட முடியாது" என்று இன்டெக்ரிட்டிஎரர் கொடுத்தால், சரி, யாரோ நமக்கு முன்னால் போட்டுவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு மறுபடி தேடி அதை எடுத்துத் தரும். அந்த மூன்றாவது படிதான் உயிர். ஆனால் டேட்டாபேஸ் மறுத்தால்தான் அது வேலை செய்யும், மறுப்பதற்கு அந்தக் காலத்தில் யுனிக் என்ற கட்டுப்பாடு, அதாவது ஒரே மதிப்பு ரெண்டு தடவை வரக்கூடாது என்ற விதி, இருக்க வேண்டும். ("காலம்" என்றால் டேபிளின் நெடுவரிசை, நேரம் இல்லை.) உங்கள் மாடலில் அது இல்லை என்று நீங்கள் அனுப்பிய கோடே சொல்கிறது. ஜாங்கோவின் கையேட்டிலும் இதைச் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள், தேடும் ஃபீல்டுகளுக்கு டேட்டாபேஸ் அளவில் யுனிக் இல்லையென்றால் ஒரே நேரத்து அழைப்புகள் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசையை, அதாவது ரெக்கார்டை, உண்டாக்கலாம் என்று. யாரும் அந்தப் பத்தி வரைக்கும் படிப்பதில்லை, நானும் ஒரு தடவை அடிபட்ட பிறகுதான் படித்தேன்.

நம்பவில்லை என்றால் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் சோதித்துப் பாருங்கள். ரெண்டு டெர்மினல் திறந்து ரெண்டிலும் பிகின் போட்டு டிரான்சாக்ஷனைத் (மொத்தமாக ஏறும் அல்லது மொத்தமாக ரத்தாகும் வேலை) தொடங்குங்கள். யுனிக் போட்ட டேபிளில் முதல் ஜன்னலில் ஒரு நம்பரை இன்சர்ட் செய்துவிட்டு கமிட் பண்ணாமல் (உறுதி செய்யாமல்) விடுங்கள். இரண்டாவது ஜன்னலில் அதே நம்பரை இன்சர்ட் செய்தால் கர்சர் அப்படியே நிற்கும், எரரும் வராது, பதிலும் வராது. முதல் ஜன்னலில் கமிட் அடித்த நொடியில் இங்கே எரர் விழும், அங்கே ரோல்பேக் அடித்து ரத்து செய்தால் இங்கே உள்ளே போய்விடும். அந்தக் காத்திருப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த விஷயம் மண்டையில் ஏறியது. கணக்குப்பிள்ளை கையை மடக்கிக்கொண்டு "அவர் எழுதி முடிக்கட்டும்" என்று நிற்பது மாதிரியேதான் இருக்கும்.

உங்கள் கோடில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. போன், பெயர் ரெண்டையும் தேடுகிற இடத்திலேயே கொடுத்திருக்கிறீர்கள். ஒரு பையன் "பாண்டி" என்று அடிக்கிறான், இன்னொருவன் "பாண்டியன்" என்று அடிக்கிறான், நம்பர் ஒன்றாக இருந்தாலும் பெயர் ஒத்துவராததால் புதுக் கணக்கு. இதற்குக் கூட்டமே தேவையில்லை, காலியாக இருக்கும் மத்தியான நேரத்திலும் நடக்கும். எதை வைத்து ஆளை அடையாளம் காண்கிறோமோ அதை மட்டும் தேடும் இடத்தில் வையுங்கள். பெயர், ஊர், சேர்ந்த தேதி எல்லாம் டிஃபால்ட்ஸ் என்ற பகுதிக்குள் போகட்டும், புதுக் கணக்கு திறக்கும்போது மட்டும் அது எடுத்துக்கொள்ளும். அப்புறம் கெட்_ஆர்_கிரியேட் ரெண்டு பொருளைத் திருப்பித் தருகிறது, ரெக்கார்டு ஒன்று, "இப்போதுதான் உருவாக்கினேனா" என்ற உண்டு இல்லை ஒன்று. பலர் ரெண்டாவதைக் கண்டுகொள்வதே இல்லை. உங்கள் கடையில் அதை வைத்துத் திரையில் "புதுக் கணக்கு" என்று சிவப்பில் காட்டுங்கள், பத்து வருடமாகப் பூப்போடுகிற ஆளுக்குப் புதுக் கணக்கு என்று வந்தால் பையனே "அண்ணே, நில்லுங்க" என்பான்.

சரி, இருக்கிற இரட்டைகளை என்ன செய்வது? யுனிக்கை இப்போதே சேர்க்கப் போனால் டேபிளை மாற்றும் மைக்ரேஷன் ஓடாது, இரட்டை இருக்கிறதே என்று டேட்டாபேஸ் மறுக்கும். ஆகவே முதலில் பேக்கப். பிறகு ஒவ்வொரு நம்பருக்கும் பழைய ஐடி எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள், மற்ற கணக்குகளில் தொங்கும் எடைச் சிட்டை, அட்வான்ஸ், பட்டுவாடா எல்லாவற்றையும் அந்த ஐடிக்கு மாற்றுங்கள். கூட்டிப் பாருங்கள், மாற்றுவதற்கு முன்னாலும் பின்னாலும் மொத்தக் கிலோவும் மொத்த ரூபாயும் ஒன்றாக வர வேண்டும். அதற்கப்புறம்தான் உபரிக் கணக்குகளை அழிப்பது. இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். ஒரு டேபிளை இன்னொன்றோடு கட்டும் ஃபாரின் கீயில் ஆன்_டிலீட் என்ற இடத்தில் நம்மில் பலர் யோசிக்காமல் கேஸ்கேட் என்று எழுதி வைத்திருப்போம், விவசாயியை அழித்தால் அவர் போட்ட பூவும் சேர்ந்து அழியும். நான் ஒரு மண்டிக்கு இப்படித்தான் ஒரு சனிக்கிழமை "சுத்தம்" செய்தேன், நாற்பது கணக்கை அழித்தேன், மூன்று மாத வரவு அதனோடு போனது. முந்தின இரவு பேக்கப் இருந்ததால் தப்பித்தேன், அன்று காலைச் சிட்டைகளை மட்டும் கம்பியில் குத்தி வைத்திருந்ததிலிருந்து எடுத்து நானே உட்கார்ந்து அடித்தேன். முதலாளி திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார், அதுதான் இன்னும் உறுத்துகிறது. வேலையை மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், காலை ஏலத்தின்போது கை வைக்காதீர்கள்.

இதெல்லாம் சொன்ன பிறகு உங்களிடம் ஒரு கேள்வி. போன் நம்பர்தான் ஆள் என்று யார் சொன்னது? செக்கானூரணிப் பக்கமிருந்து வருகிற ஒரு வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் சேர்த்து ஒரே போனாக இருக்கும், ஆனால் பாகம் பிரித்துத் தனித்தனியாகப் பூப்போடுவார்கள், அட்வான்ஸும் தனித்தனி. நம்பரில் யுனிக் போட்டால் ரெண்டு பேரையும் ஒருவராக்கிவிடுவீர்கள், இரட்டைக் கணக்கைவிட அது பெரிய வம்பு, வீட்டுச் சண்டையில் போய் முடியும். போனே இல்லாத பாட்டிகளும் உண்டு. அவர்களுக்கு வெற்று எழுத்தாகச் சேமித்தால் முதல் பாட்டி உள்ளே போவார், இரண்டாவது பாட்டியை யுனிக் தடுக்கும். நல் (மதிப்பே இல்லை என்ற குறி) என்று சேமித்தால் போஸ்ட்கிரஸும் மைஎஸ்க்யூஎல்லும் எத்தனை நல்லையும் அனுமதிக்கும், ஏனென்றால் ஒரு நல் இன்னொரு நல்லுக்குச் சமமில்லை என்பது அவற்றின் கணக்கு. ஆனால் அப்போது பாட்டிகளை இரட்டையிலிருந்து காப்பாற்ற ஒன்றுமில்லை. மாமாவிடம் கேளுங்கள், அவர் நோட்டில் ஆளை எப்படிப் பிரிக்கிறார்? ஏறக்குறைய நிச்சயமாகப் பேரேட்டுப் பக்க எண் ஒன்று இருக்கும், "நூத்திப் பன்னெண்டாம் பக்கம்" என்றால் கடையில் எல்லோருக்கும் அது யாரென்று தெரியும். அந்த எண்ணை யுனிக் ஆக்குங்கள், சின்ன அட்டையில் அச்சடித்துக் கொடுங்கள், போன் நம்பர் வெறும் விவரமாக ஓரமாக இருக்கட்டும்.

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் ஆன்லைன் விற்பனையை ரெயில்ஸ் என்ற ரூபி ஃபிரேம்வொர்க்கில் பார்த்துக்கொள்கிறேன். ஃபைண்ட்_ஆர்_கிரியேட்_பை, கிரியேட்_ஆர்_ஃபைண்ட்_பை என்று ரெண்டு இருக்கிறதே, எதை எடுப்பது? மாடலில் வேலிடேட்ஸ் யுனிக்னெஸ் போட்டிருக்கிறேன், அது போதாதா? (திருமங்கலம் வாசகி)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில்: போதாது. அந்த வேலிடேஷனும் சேமிப்பதற்கு முன் ஒரு செலக்ட் (தேடும் கட்டளை) ஓட்டித்தான் பார்க்கிறது, ஆகவே மேலே சொன்ன ரெண்டு தராசுக் கதை அங்கேயும் அப்படியே. டேட்டாபேஸின் இன்டெக்ஸில் யுனிக் வேண்டும். வேலிடேஷனை வாடிக்கையாளருக்கு நல்ல வார்த்தையில் எரர் காட்டுவதற்காக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை தேடிவிட்டுப் போடும், இரண்டாவது வகை போட்டுப் பார்த்துவிட்டு மோதினால் தேடும். இரண்டாவது 2019-இல் வந்த ரெயில்ஸ் 6.0-இல் சேர்ந்தது. வருகிறவர்களில் பெரும்பாலோர் பழைய வாடிக்கையாளர்கள் என்றால் முதல் வகை, ஏனென்றால் ஒரு செலக்ட்டோடு வேலை முடிகிறது. பெரும்பாலும் புது ரெக்கார்டுதான் என்றால், உதாரணமாகப் பணம் வந்த தகவல் எண்ணைப் பதிவது போல, இரண்டாவது. 2023-இல் வந்த 7.1 முதல் ஃபைண்ட்_ஆர்_கிரியேட்_பை கொஞ்சம் புத்திசாலியாகிவிட்டது, தேடிக் கிடைக்காமல் போடப்போய் யுனிக்கில் மோதினால் தானே மறுபடி தேடிக்கொள்கிறது. பழைய பதிப்பில் இருந்தால் எரரைப் பிடித்து மறுபடி தேடும் அந்த ரெஸ்க்யூவை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஒரு பக்கவிளைவு. போட்டுப் பார்த்து மோதும் ஒவ்வொரு தடவையும் தானாக ஏறும் ஐடியில் ஒரு எண் வீணாகும், திரும்ப வராது. 1041-க்கு அடுத்து 1047 என்று இருந்தால் யாரும் திருடவில்லை. ஆனால் அந்த ஐடியையே பில் எண்ணாக அச்சடிக்கிறவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர்வரிசையில் இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மிகக்கூடாது, அதற்குத் தனி எண் ஓட்டம் வையுங்கள். இன்னொன்று, ஆச்சரியக்குறி இல்லாத ஃபைண்ட்_ஆர்_கிரியேட்_பை வேலிடேஷனில் தோற்றால் எரர் தராமல் சேமிக்கப்படாத ஆப்ஜெக்ட்டைக் கையில் கொடுத்துவிடும், ஐடி காலியாக இருக்கும், நீங்கள் அதை வைத்து ஆர்டர் போடப்போய் வேறெங்கோ போய் முட்டுவீர்கள். ஆச்சரியக்குறியோடு எழுதிவிட்டால் தோற்ற இடத்திலேயே கத்திவிடும்.

கேள்வி: லாரவெல் (பிஹெச்பி ஃபிரேம்வொர்க்). அப்டேட்ஆர்கிரியேட் போட்டதிலிருந்து ஸ்டாக் அடிக்கடி பூஜ்யமாகிறது. (வாசகர், சிம்மக்கல்)

பதில்: இரண்டாவது அரேயில் (மதிப்புப் பட்டியலில்) ஸ்டாக் பூஜ்யம் என்று எழுதியிருப்பீர்கள், புதுப் பொருளுக்காக. அது பழைய பொருளின் மேலும் ஏறி எழுதுகிறது, அதன் பெயரிலேயே அப்டேட் இருக்கிறதே. ஃபர்ஸ்ட்ஆர்கிரியேட் போதும், அது இருக்கிற ரெக்கார்டைத் தொடாது. ஃபர்ஸ்ட்ஆர்நியூ எடுத்தால் சேவ் போட மறக்காதீர்கள். ஜாங்கோக்காரர்களுக்கும் இதே தொல்லை உண்டு, அவர்களுக்கு 5.0 பதிப்பில் அப்டேட்_ஆர்_கிரியேட்டுக்குள் கிரியேட்_டிஃபால்ட்ஸ் என்று தனி இடம் கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் உறுப்பினர் பெயர்களைத் தமிழில் ஏற்றுகிறோம். பெயர், கதவு எண் ரெண்டுக்கும் சேர்த்து யுனிக் போட்டாயிற்று, போஸ்ட்கிரஸ்தான். அப்படியும் "சொக்கலிங்கம்" ரெண்டு தடவை இருக்கிறார். எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. (வாசகர்)

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பத்தியை எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் இல்லை, கணினிக்கு உண்டு. "சொ" என்பதை யூனிகோடில் ரெண்டு விதமாக எழுத முடியும். ச-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றைப் போடலாம், அல்லது ச-வுக்குப் பின் எகரக் கொம்பு, அதன் பின் துணைக்கால் என்று தனித்தனியாகப் போடலாம். கொம்பும் காலும் சேர்ந்து திரையில் அதே "சொ" ஆகத்தான் தெரியும். ஒருவர் போனில் அடித்திருப்பார், இன்னொருவர் பழைய ஃபான்ட் கோப்பு ஒன்றை யூனிகோடாக மாற்றி ஒட்டியிருப்பார். ஓ, ஔ வரிசைக் குறிகளிலும் இதே கதை. டேட்டாபேஸ் பைட்டைப் பார்க்கிறது, அதற்கு இவர்கள் ரெண்டு வேறு ஆட்கள்.

மருந்து எளிது. தேடுவதற்கு முன்னும் சேமிப்பதற்கு முன்னும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், ரெண்டும் ஒன்றாகிவிடும். பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் இருக்கிறது, ரூபியில் யூனிகோட்_நார்மலைஸ், ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ், போஸ்ட்கிரஸிலேயே 13-ஆம் பதிப்பிலிருந்து நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் உண்டு. முன்னும் பின்னும் ஒட்டிய இடைவெளிகளையும் அதே இடத்தில் வெட்டிவிடுங்கள். ஆனால் "கௌரி"யை "கெளரி" என்று ளகரம் போட்டு அடித்திருந்தால் என்எஃப்சி கை கொடுக்காது, அது வேறு எழுத்தே. நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் அடிக்கிறார்கள். அதற்கு உங்கள் ஊர் ஆளே உட்கார்ந்து பார்க்க வேண்டும், அல்லது பெயரை விட்டுவிட்டு உறுப்பினர் எண்ணுக்குப் போய்விட வேண்டும். நான் இரண்டாவதைச் சொல்வேன், ஒரே வீட்டில் தாத்தா பெயரே பேரனுக்கும் இருக்கிற ஊர் இது.

கேள்வி: எந்த ஃபிரேம்வொர்க்கும் இல்லாமல் நேராக எஸ்க்யூஎல் எழுதுகிறேன். இன்சர்ட் இக்னோர், ரீபிளேஸ், ஆன் கான்ஃப்ளிக்ட், எது நல்லது? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: மைஎஸ்க்யூஎல்லில் ரீபிளேஸைத் தொடாதீர்கள். அது பழைய வரிசையைத் திருத்துவதில்லை, அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறது, தானாக ஏறும் ஐடியும் மாறும், கேஸ்கேட் இருந்தால் பிள்ளை ரெக்கார்டுகளும் போகும் (மேலே என் மண்டிக் கதை). இன்சர்ட் இக்னோர் இரட்டையை மட்டும் விழுங்குவதில்லை, நீளமான எழுத்தை வெட்டிப் போட்டுவிட்டு வெறும் வார்னிங்கோடு போய்விடும். ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் நல்லது, மோதினால் இருக்கிற வரிசையைத் திருத்தும். போஸ்ட்கிரஸில் 2016-இல் வந்த 9.5 முதலும், எஸ்க்யூலைட்டில் 2018-இல் வந்த 3.24 முதலும் ஆன் கான்ஃப்ளிக்ட் உண்டு, அது இன்னும் தெளிவு. ஆனால் டூ நத்திங் (மோதினால் சும்மா விடு) என்று எழுதி ரிட்டர்னிங் ஐடி கேட்டால், ஏற்கெனவே இருக்கிற வரிசைக்கு ஐடி வராது, வெறுங்கையாக வரும், அதற்கு இன்னொரு செலக்ட் போட வேண்டும். போஸ்ட்கிரஸில் டிரான்சாக்ஷன் நடுவே சாதாரண இன்சர்ட் மோதினால் அந்த டிரான்சாக்ஷன் முழுக்கவே முடங்கிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சேவ்பாயிண்ட் (நடுவே திரும்பி வரக்கூடிய புள்ளி) போட்டுத்தான் அந்த எரரைப் பிடித்துத் தாண்ட முடியும்.

கேள்வி: ரயில்வே ஸ்டேஷன் எதிரே எங்கள் லாட்ஜ். ரூம் கேட்பவருக்கு ஒரு லிங்க் அனுப்புவோம், அதைத் திறந்தால் கெட்_ஆர்_கிரியேட் அவர் பெயரில் ஒரு விசாரணை ரெக்கார்டு போடும். யாரும் திறக்காமலேயே ரெக்கார்டுகள் விழுகின்றன. பேயா? (வாசகர், மேற்குப் பெருமாள் மேஸ்திரி வீதி)

பதில்: பேயில்லை. லிங்க்கை அனுப்பும்போது படமும் தலைப்பும் காட்டுகிறதே, அதற்காகச் செயலியே அந்தப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்க்கிறது. தேடுபொறி ரோபோக்களும் கண்ணில் பட்ட லிங்க்கையெல்லாம் திறக்கும். பக்கத்தைப் பார்ப்பது கெட் என்ற கோரிக்கை, அதில் எதையும் உருவாக்கக் கூடாது, தகவலைப் பதிய அனுப்பும் போஸ்ட்டில்தான் உருவாக்க வேண்டும் என்று ஜாங்கோ கையேடும் சொல்கிறது. பக்கத்தில் "ரூம் வேண்டும்" என்று ஒரு பட்டன் வையுங்கள், அதை அமுக்கினால் ரெக்கார்டு விழட்டும். பட்டனை ரெண்டு தடவை அமுக்குவார்கள், அதற்கு ஒத்தக்கடைத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.